கரண்டிக்கு ஒரு திராட்சை

போன வாரம் ஆயக்குடியில இருந்து ஒருத்தர் என் கடைக்கு வந்தார். பஞ்சாமிர்தம் வாங்க வரல. அவர் மகனுக்கு வலிப்பு நோய். பள்ளிக்கூடத்துல பாதி நேரம் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கானாம், மண்டையில எதுவும் ஏறலன்னு வாத்தியார் கையை விரிச்சுட்டாராம். உங்க மகளுக்கும் இப்படித்தான் இருந்துச்சாமே, என்ன செஞ்சீங்கன்னு கேட்டார். அன்னைக்குக் கிருத்திகை, கடையில மூச்சு விட நேரமில்ல. பாதி சொல்லி பாதி விட்டுட்டேன். அவரு போனப்பறம் எனக்கு மனசு கேக்கல. நாங்க செஞ்ச நல்லதையும் சொல்லணும், நான் அடிச்ச கூத்தையும் சொல்லணும். கூத்தை விட்டுட்டுச் சொன்னா அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. அதான் எழுத உக்காந்துட்டேன்.

பழனி அடிவாரத்துல பஞ்சாமிர்தம் பெசையறது என் சோலி. பெரும்பாறைப் பக்கம் இருந்து மலைவாழைப்பழம் வரும், அதை உரிச்சு, சர்க்கரை, தேன், நெய், கல்கண்டு, பேரீச்சம்பழம், திராட்சை எல்லாம் போட்டு என் கையாலேயே பெசைவேன். என் கைப்பதம் ஒருத்தருக்கும் வராதுன்னு எனக்கு ஒரு திமிரு உண்டு. என் சம்சாரம் பாக்கியம். எங்களுக்கு ஒரே மக, வடிவு. இது நடந்தப்ப அவளுக்கு ஒன்பது வயசு, நாலாம் வகுப்பு. நயா பைசா வந்து நாலஞ்சு வருசம் ஆகியும் சனங்க அணாக் கணக்குலயே பேசிக்கிட்டு இருந்த காலம்.

முதல் வலிப்பு அதுக்கு முந்தின வருசம் பங்குனி உத்திரத்துக்கு வந்துச்சு, அத்தனை கூட்டத்துக்கு நடுவுல. கடைக்குள்ள நின்னவ அப்படியே சாஞ்சா. கை கால் வெட்டி இழுக்குது, வாயில நுரை. ஆளுக்கு ஒரு பக்கம் சாவிக்கொத்தைக் கையில குடு, வெங்காயத்தைக் காட்டுன்னு சத்தம் போட்டாங்க. நானும் கல்லாப்பெட்டிச் சாவியை அவ கையில திணிச்சேன். சாவிக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு பின்னால தெரிஞ்சுக்கிட்டேன். வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, பக்கத்துல இடிபடுற சாமானை எடுத்துட்டு, சும்மா கூட இருக்கணும், அம்புட்டுதான். உள்ளூர் டாக்டர் தினம் ராத்திரி ஒரு மாத்திரை குடுக்கச் சொல்லி மாசத்துக்கு முப்பது எழுதிக் குடுத்தார்.

அந்த மாத்திரை கசப்பு. வடிவு நாக்குல வச்ச உடனே துப்பிருவா. நாலு நாள் போராடிப் பார்த்தோம். அஞ்சாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நம்ம கையில இல்லாத இனிப்பா? முப்பது மாத்திரையையும் அம்மியில வச்சுப் பொடி பண்ணி, முப்பது கரண்டி பஞ்சாமிர்தத்துல போட்டு நல்லாப் பெசைஞ்சு ஒரு தகர டப்பாவுல அடைச்சுட்டேன். தினம் ஒரு கரண்டி. பிள்ளை சப்புக் கொட்டிச் சாப்பிட்டா. மாசாமாசம் அப்படியே செஞ்சோம். இதை ஏன் டாக்டர்மாருக்குத் தோணலன்னு நான் பாக்கியத்துக்கிட்ட பீத்திக்கிட்டது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

அதுக்கப்பறம் பிள்ளை ஒரு நிலையில இல்ல. சில நாள் வெள்ளனே எந்திரிச்சு கடைப் பலகையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசிப்பா. சில நாள் தட்டுல சோத்தை வச்சுக்கிட்டே தூங்குவா. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா திரும்பப் பெரிய வலிப்பு வந்துரும். இது போக இன்னொண்ணு. வாசிச்சுக்கிட்டே இருப்பா, நடுவுல நின்னுருவா. கண்ணு முழிச்சபடி இருக்கும், ஆனா ஆள் இருக்க மாட்டா. ஒரு மூச்சு நேரம்தான். பெறகு எங்கேயோ ஒரு வரியில இருந்து தொடங்குவா. பள்ளிக்கூடத்துல பராக்குப் பார்க்கிறாள்னு தலையில குட்டு. வீட்டுல நானும் குட்டியிருக்கேன், அதை மறைச்சு என்ன ஆகப்போகுது.

வருசக் கடைசியில பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டு விட்டார். கெட்ட மனுசர் இல்ல, கறாரான ஆளு. பிள்ளைக்குப் புத்தி மட்டு, அஞ்சாம் வகுப்புக்கு ஏத்த முடியாது, வீட்டோட நிறுத்திக்கங்கன்னுட்டார். நான் குதிச்சேன். கடைசியில ஒரு வழி விட்டார். பெரிய டாக்டர் யாராச்சும் இவளால படிக்க முடியும்னு எழுதிக் குடுத்தா, பள்ளிக்கூடம் திறக்கிறப்ப பார்க்கலாம்னார். வடிவு வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. வீட்டுக்கு வர்ற வழியில "அப்பா, வீட்டுல இருந்தா எனக்குப் புதுப் புத்தகம் கெடையாதா?"ன்னு கேட்டா.

வாழைக்காய் லாரிக்காரர்தான் வழி சொன்னார். கோடைக்கானல்ல ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்கு, சீசன் ரெண்டு மாசமும் ஒரு டாக்டரம்மா மெட்ராஸ்ல இருந்து வந்து தங்குறாங்க, வலிப்புக்கு அவங்க கெட்டிக்காரின்னார். அந்த வாரமே கிளம்பிட்டோம். வத்தலக்குண்டு போயி மலை பஸ் ஏறினோம். என் பையில ரெண்டு டப்பா. ஒண்ணு வடிவோட மருந்து டப்பா, அதுக்கு அடையாளமா மஞ்சக் கயிறு சுத்தியிருந்தேன். இன்னொண்ணு ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு. போற எடத்துக்கு வெறுங்கையோட போயி எனக்குப் பழக்கமில்ல.

ஆஸ்பத்திரியில ஒரு வாரமாச்சும் வச்சுப் பார்க்கணும்னாங்க. பிள்ளைங்க வார்டுல தாய்க்கு மட்டும்தான் எடம், நான் பஜார்ல ஒரு அறையில தங்கினேன். குளிருன்னா குளிரு, அப்படி ஒரு குளிரு. நாங்க பழனி வெயிலுக்குப் பொறந்தவங்க, ஆளுக்கு ஒரு துண்டோட வந்திருந்தோம். பக்கத்துக் கட்டில்ல கை ஒடிஞ்ச மகளோட இருந்த பேத்துப்பாறை ஊர்க்கார அம்மா, கேக்காமலே ஒரு கம்பளியைத் தூக்கி பாக்கியம் மேல போட்டாங்க. சன்னலைத் திறந்தா மேகம் நேரா வார்டுக்குள்ள வந்துரும். வடிவு அதைக் கையால பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தா.

வார்டுக்குப் பொறுப்பு ஒரு பெரிய சிஸ்டர். இடுப்புல சாவிக்கொத்து, நடந்தா தரை அதிரும். பிள்ளைங்க மட்டுமில்ல, டாக்டர்மாரும் அவங்களுக்குப் பயப்படுவாங்க. மாத்திரையைத் துப்புற வடிவு, அந்தம்மா எதிர்ல நின்னதும் மடக்குனு முழுங்கிட்டா. ஒரு வருசமா நாங்க செய்ய முடியாததை ஒரு முறைப்புல முடிச்சுட்டாங்க. இனி இங்க குடுக்கிற மாத்திரை மட்டும்தான்னு கண்டிப்பாச் சொன்னாங்க. சரி, மருந்து டப்பா பைக்குள்ளயே கெடக்கட்டும்னு விட்டுட்டு, கைக்குத் தட்டுப்பட்ட கயிறு இல்லாத டப்பாவைச் சிஸ்டருக்குக் குடுத்தேன். அதாவது, அப்படிக் குடுத்ததா நினைச்சேன்.

டாக்டரம்மா அடுத்த நாள் வந்தாங்க. நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு, சின்ன உருவம். முட்டியில சின்னச் சுத்தியலால தட்டிப் பார்த்தாங்க, கண்ணுல வெளிச்சம் அடிச்சாங்க. ஏழு, ரெண்டு, ஒன்பது, நாலுன்னு எண்ணுங்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. வடிவு மூணு எண்ணு சொல்லுவா, நாலாவது தொலைஞ்சுரும். கடைசியா ஒரு காகிதக் காத்தாடியை அவ கையில குடுத்து, நான் போதும்கிற வரைக்கும் ஊதும்மான்னாங்க. இது என்ன பரிசோதனை, திருவிழாக் கடையான்னு எனக்குச் சிரிப்பு.

வடிவு ஊதினா. காத்தாடி சுத்துது. ஒரு நிமிசம் ஆச்சு, ரெண்டு ஆச்சு. திடீர்னு ஊதுறது நின்னு போச்சு. கண்ணு காத்தாடி மேலேயே இருக்கு, ஆனா பார்க்கல. இமை மட்டும் லேசாத் துடிச்சுது. டாக்டரம்மா சன்னமான குரல்ல "மாம்பழம்"னாங்க. காத்தாடி சுத்தி ஓயிறதுக்குள்ள பிள்ளை திரும்ப ஊத ஆரம்பிச்சுட்டா. நான் இப்ப என்ன சொன்னேன்னு கேட்டாங்க. ஒண்ணும் சொல்லலியேன்னு வடிவு சொன்னா.

பெறகு எங்களை உக்காத்தி வச்சு விளக்கினாங்க. மூளை ஒரு சின்ன மின்சாரத்துல வேலை செய்யுதாம். பெரிய வலிப்புல அந்த மின்சாரம் மொத்தமாக் கொந்தளிச்சுரும், ஆள் விழுந்துருவாங்க. இது சின்ன வலிப்பு. பத்து வினாடி தடுமாறி நின்னுரும், விழவும் மாட்டாங்க, இழுக்கவும் செய்யாது. ஆனா அந்தப் பத்து வினாடியில காதுல விழுந்தது எதுவும் உள்ள போகாது. ஒரு நாளைக்கு அம்பது தடவை கூட வரலாம். வேகமா ஊதுறப்ப அது வெளிய வரும், அதுக்குத்தான் காத்தாடி. "ரேடியோவுல நடுவுல நடுவுல சத்தம் நின்னுபோனா, பாடுறவருக்குப் பாட்டுத் தெரியலன்னு சொல்லுவீங்களா?"ன்னு என்னைக் கேட்டாங்க. நான் அவ தலையில வச்ச குட்டெல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு. வெளிய போயி யூகலிப்டஸ் மரத்தடியில நின்னு கொஞ்ச நேரம் அழுதேன். பாக்கியம் வந்து மூக்கைத் துடைங்கன்னு முந்தானையைக் குடுத்தா.

மூணாம் நாள் மத்தியானம்தான் கூத்து. மணி மூணு. வார்டுல ஒரே அமைதி. பெரிய சிஸ்டர் மேசையில தலையை வச்சுத் தூங்குறாங்க. சும்மா தூக்கம் இல்ல, குறட்டை. அந்த ஆஸ்பத்திரி கட்டின நாள்ல இருந்து அப்படி ஒரு காட்சியை யாரும் கண்டதில்லையாம். சமையல்கட்டுல இருந்தெல்லாம் ஆளுக வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க. டாக்டரம்மா வந்து நாடி பிடிச்சுப் பார்த்து, கன்னத்தைத் தட்டி எழுப்பினாங்க. சாப்பாட்டுக்கப்பறம் ரெண்டு கரண்டி பஞ்சாமிர்தம் சாப்பிட்டேன், அம்புட்டுதான்னு சிஸ்டர் சத்தியம் பண்ணாங்க. அதே டப்பாவுல அதே ரெண்டு கரண்டி சாப்பிட்ட ஆயாம்மா பக்கத்துல குத்துக்கல்லாட்டம் நிக்கிறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகல.

நான் டப்பாவைப் பார்த்தேன். கயிறு இல்ல, சரிதானே. பெறகு வடிவோட சடையைப் பார்த்தேன். நுனியில மஞ்சக் கயிறு கட்டியிருக்கு. மலை பஸ்ஸுல காத்துக்கு ரிப்பன் பறந்துபோச்சாம், பாக்கியம் பையில கைய விட்டு, கிடைச்ச கயித்தை உருவிக் கட்டிட்டாளாம். அந்தக் குளிர்லயும் எனக்கு வேர்த்துக் கொட்டிச்சு. பேசாம இருந்துரலாமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு. ஆனா நல்லவேளை, பயம் வெக்கத்தை முந்திக்கிச்சு.

"டாக்டரம்மா, அது என் மகளோட மருந்துங்க"ன்னேன்.

எப்படின்னு கேட்டாங்க. முப்பது மாத்திரை, முப்பது கரண்டி, கணக்குச் சரிதானுங்களேன்னு சொன்னேன். என் கையால பெசைஞ்சதுன்னும் சேர்த்துச் சொன்னேன், அந்த நேரத்துலயும் திமிரு போகல. டாக்டரம்மா டப்பாவைக் கையில எடுத்தாங்க.

"இதுல திராட்சை போடுவீங்களா?"

"போடாமங்களா?"

"கரண்டிக்கு ஒரு திராட்சை வருமா?"

இருபது வருசமா கடையில நான் கேக்கிற ஒரே சண்டை அதுதான். ஒருத்தர் எனக்குத் திராட்சையே வரலம்பார், அடுத்தவருக்கு ஒரே கரண்டியில நாலு கெடக்கும். அதெல்லாம் முருகன் குடுக்கிறதுன்னு சொல்லி அனுப்பிருவேன். திராட்சைக்கு நடந்ததுதானே மாத்திரைப் பொடிக்கும் நடந்திருக்கும்? ஒரு நாள் என் பிள்ளை மூணு நாள் மருந்தைச் சேர்த்துத் தின்னிருக்கா, அன்னைக்குத் தட்டுல தூங்கியிருக்கா. தொடர்ந்து நாலு நாள் வெறும் பழத்தைத் தின்னிருக்கா, வலிப்பு வந்திருக்கு. இந்த உலகத்துல வேற எந்த ஊர்க்காரனும் செய்ய முடியாத தப்பை நான் செஞ்சிருக்கேன்.

டாக்டரம்மா திட்டல. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமா இருந்துச்சு. "மந்தத்துல பாதி உங்க மக மூளையில இல்ல, உங்க டப்பாவுல இருந்துருக்கு. அது இன்னையோட போச்சு. மீதியைப் பார்ப்போம்"னாங்க. பெரிய சிஸ்டருக்கு அன்னைக்கு ராத்திரி டூட்டி குடுக்கல. மறுநாள் காலையில என்னைப் பார்த்து, பத்து வருசத்துல இப்படி ஒரு தூக்கம் தூங்குனதில்லன்னாங்க. சிரிச்சாங்களா முறைச்சாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தச் சின்ன வலிப்புக்குன்னு தனியா ஒரு மாத்திரையும் தொடங்கினாங்க. அதுக்கப்பறம் ஒவ்வொரு நாளும் வடிவு கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சத்துக்கு வந்தா. பேத்துப்பாறை அம்மாவோட மகளுக்குக் கதைப் புத்தகம் வாசிச்சுக் காட்டினா. நாலு எண்ணையும் சொன்னா, அஞ்சையும் ஒரு நாள் சொன்னா. அன்னைக்கு நான் பஜார்ல கண்டவங்களுக்கெல்லாம் பேரிக்காய் வாங்கிக் குடுத்தேன். பேரிக்காய் எதுக்குன்னு ஒருத்தருக்கும் புரியல.

ஆனாலும் நின்னுபோறது மொத்தமா போகல. அம்பது அஞ்சாறாச்சு. அப்பத்தான் பாக்கியம் செஞ்ச ஒரு வேலை எல்லாருக்கும் கண்ணுல பட்டுச்சு. பாக்கியத்துக்கு எழுத்து வாசனை கெடையாது. ஆனா வடிவு வாசிக்கிறப்ப பக்கத்துலயே உக்காந்திருப்பா. பிள்ளை நின்ன உடனே, கண்ணு எந்த எடத்துல நின்னுச்சோ அங்க விரலை வச்சுருவா. அதட்ட மாட்டா, உலுக்க மாட்டா. பத்து வினாடி. வடிவு திரும்பி வந்ததும் விரலைப் பார்ப்பா, அந்த எடத்துல இருந்து தொடங்குவா. ஒரு சொல்லு தப்பாது. எப்படித் தெரியும்னு டாக்டரம்மா கேட்டதுக்கு, "எழுத்துத் தெரியாட்டி என்னங்க, எம் பிள்ளை கண்ணு தெரியாதா?"ன்னா. டாக்டரம்மா அதைத் தன் நோட்டுல எழுதிக்கிட்டாங்க. நான் செஞ்சதையும் எழுதினாங்க, இவ செஞ்சதையும் எழுதினாங்க. ரெண்டும் வேற வேற பக்கத்துல இருக்கும்னு நினைக்கிறேன்.

ஒளிவு மறைவில்லாமலும் சொன்னாங்க. வலிப்பு இருக்கிற பிள்ளைக்குக் கவனம் கொஞ்சம் வெரசாச் சோர்ந்துபோகும். மூணு வேலையை ஒரே மூச்சுல சொல்லாதீங்க, ஒண்ணு முடிச்சதும் அடுத்ததைச் சொல்லுங்க. மத்தப் பிள்ளை ஒரு மணியில படிக்கிறதுக்கு இவளுக்கு ஒண்ணரை மணி ஆகலாம். ஆனா படிப்பா. பதினாலு நாள் கழிச்சு எங்களை அனுப்புறப்ப, பெரிய வாத்தியாருக்கு ஒரு கடிதம் தமிழ்லயே எழுதி ஒட்டிக் குடுத்தாங்க. இதை வேற யாரும் வாசிக்கக் கூடாது, வடிவே வாசிச்சுக் காட்டணும்னாங்க.

எனக்கு அது பிடிக்கல. நடுவுல நின்னுட்டா? அந்த மனுசர் முன்னால நின்னுபோனா, கடிதமாவது ஒண்ணாவது, இதோ பாருங்கன்னு சொல்லிருவாரே. பஸ்ஸுல இறங்கி வர்ற வழி பூரா எனக்கு இதே கவலை. வடிவு கவலையே இல்லாம வளைவு எண்ணிக்கிட்டு வந்தா.

பள்ளிக்கூடம் திறந்த அன்னைக்குப் போனோம். பழக்கதோசம், ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொண்டுபோயி மேசையில வச்சேன். பெரிய வாத்தியார் மூடியைத் திறந்து ஆள்காட்டி விரலால வழிச்சு நாக்குல வச்சார். பெறகு வாசிம்மான்னார். வடிவு கடிதத்தை மேசை மேல விரிச்சு வாசிக்க ஆரம்பிச்சா.

"இந்தப் பிள்ளைக்குப் புத்தியில் குறைவில்லை. இவளுக்குப் பகலில் சில முறை, சில வினாடிகள் மட்டும் நினைவு தவறும். அது பராக்கு அல்ல, நோய். அப்போது அதட்ட வேண்டாம். நின்ற இடத்தில் விரலை வைத்துக் காத்திருந்தால் அங்கிருந்தே தொடர்வாள். மருந்தைப் பஞ்சாமிர்தத்தில் கலக்கக் கூடாது என்று இவள் தகப்பனாரிடம் சொல்லியிருக்கிறேன்."

பெரிய வாத்தியாருடைய விரல் ரெண்டாம் தடவை டப்பாவுக்குள்ள போயிட்டு வந்து பாதி வழியில நின்னுச்சு. என்னைப் பார்த்தார். அது வேற டப்பாங்கய்யான்னேன். வடிவு அதெல்லாம் கவனிக்காம கடைசி வரிக்குப் போயிட்டா.

"இவள் ஐந்தாம் வகுப்பில் படிக்க"

நின்னுட்டா.

அடுத்த சொல்லு எனக்கு மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தே தெரியுது. நாக்கு நுனியில நிக்குது. வாழ்க்கையில நான் வாயை மூடிக்கிட்டு இருந்த ஒரே நேரம் அதுதான். வாசல்ல நின்ன பாக்கியம் கையைத் தூக்கினா, ஆனா அங்க இருந்து எட்டுமா? பெரிய வாத்தியார் வடிவு கண்ணைப் பார்த்தார். இமை துடிக்கிறதைப் பார்த்தார். நாலாம் வகுப்பு பூரா அதைப் பார்த்திருக்கார், அன்னைக்குத்தான் முதல்முறையாப் பார்த்தார். மெதுவாக் குனிஞ்சு அந்தப் பஞ்சாமிர்த விரலைக் கடிதத்துல வச்சார். வச்சுக்கிட்டு அப்படியே இருந்தார்.

வடிவு இமைச்சா. விரலைப் பார்த்தா.

"முழுத் தகுதி உள்ளவள்"னு வாசிச்சு முடிச்சா.

அவரு விரலை எடுக்கவே இல்ல, இன்னொரு கையால பதிவேட்டை இழுத்து அவ பேரை எழுதினார். குட்டு வச்ச வாத்தியாரையும் கூப்பிட்டு, இவ முன் வரிசையில உக்காரணும்னு சொன்னார்.

வடிவு இப்ப பத்தாம் வகுப்பு. மாத்திரையைத் தண்ணியோட முழுங்குறா, திராட்சையைத் தனியாத் தின்னுறா. இதை வாசிச்சு எழுத்துப் பிழை திருத்துனதும் அவதான். குட்டு வச்சதை எழுதணுமாப்பான்னு கேட்டா, எழுதணும்னு சொல்லிட்டேன். அந்தக் கடிதத்தைப் பெரிய வாத்தியார் எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டார், கல்லாப்பெட்டியில இருக்கு. "படிக்க"ங்கிற சொல்லுக்குக் கீழ ஒரு விரல் அகலத்துக்குக் கறை, அந்த எடத்தை மட்டும் எறும்பு அரிச்சு ஓட்டை போட்டிருக்கு. ஆயக்குடிக்காரர் வந்தா காட்டணும்னு மேலாப்புல எடுத்து வச்சிருக்கேன்.